ஹீட் பம்ப்பில் ஐஸ் கட்டுகிறதா? முதலில் ஒன்றரை மணி நேரம் பாருங்கள்

சென்னை கொளத்தூரில் 28 வருடமாக ஏ.சி. சர்வீஸ் செய்கிறேன். போன வருடம் மகளும் மாப்பிள்ளையும் கனடாவில் ஹாலிஃபாக்ஸுக்குக் குடிபோனார்கள். ஜனவரியில் ஒரு நாள் விடிகாலை 6 மணிக்கு வீடியோ கால் வந்தது. அங்கே முந்தின நாள் இரவு எட்டரை. "அப்பா, வெளியில இருக்கிற யூனிட் பூரா ஐஸ். கேஸ் போயிடுச்சா?"

அவள் அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. நம்ம ஊரில் ஏ.சி.யில் ஐஸ் கட்டினால் கோளாறுதான். ஒன்று ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லை கேஸ் குறைந்திருக்கும். அதைக் கேட்டே வளர்ந்த பெண். ஆனால் குளிர் தேசத்தில் ஹீட் பம்ப்புக்கு அந்தக் கணக்கு செல்லாது. புதிதாகப் போன பிள்ளைகள் இது தெரியாமல் பயந்துபோய் வீண் செலவு செய்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஹீட் பம்ப் என்பது திருப்பி ஓடும் ஏ.சி. நம் வீட்டு ஏ.சி. அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் வெளிக்காற்றின் வெப்பத்தை அறைக்குள் கொண்டுவருகிறது. பூஜ்யம் டிகிரிக் காற்றிலும் எடுக்க வெப்பம் உண்டு. எடுக்க வேண்டுமானால் வெளியில் இருக்கும் 'காயில்' (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) அந்தக் காற்றைவிடக் குளிர்ந்து இருக்க வேண்டும். காற்று 2 டிகிரி என்றால் காயில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். காற்றின் ஈரம் அதில் பட்டதும் வெள்ளையாகப் படியும். பழைய ஃப்ரிட்ஜ் ஃப்ரீசரில் பூத்தாற்போல் படியுமே, அதேதான். கடுங்குளிரைவிட, 0 முதல் 5 டிகிரிக்குள் இருக்கும் ஈரமான நாளில்தான் இது அதிகம். மைனஸ் 15-இல் காற்றில் ஈரமே கொஞ்சம்தான் இருக்கும். ஹாலிஃபாக்ஸ் சென்னை மாதிரி கடலோர ஊர், கேட்க வேண்டுமா?

இந்தப் பனியை யூனிட் தானே உருக்கிக்கொள்ளும். டிஃப்ராஸ்ட் என்பார்கள். கேஸ் ஓடும் திசையை மாற்றும் ரிவர்ஸிங் வால்வ் திரும்பி, கொஞ்ச நேரம் ஏ.சி.யாக ஓடி, சூடான கேஸை வெளிக்காயிலுக்கு அனுப்பும். அப்போது வெளி ஃபேன் நிற்கும், 'புஸ்' என்று சத்தம் வரும், உள்ளே சூடு வராது. ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே "ஐயோ, புகை வருதுப்பா!" என்று பதறினாள். "புகை இல்லம்மா, ஆவி. அது நல்லது, ஆஃப் பண்ணாதே" என்றேன்.

ஆக, ஐஸைப் பார்த்ததும் செய்ய வேண்டியது, கடிகாரத்தைப் பார்ப்பது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது ஆவி கிளம்பி, காயில் மேல் இருக்கும் மெல்லிய தகடுகள் (ஃபின்) தெரிந்தால் யூனிட் நன்றாக இருக்கிறது. ஸ்ப்ளிட் மாடலில் காயில் பின்பக்கம், சுவரைப் பார்த்து இருக்கும். அங்கே போய்ப் பாருங்கள், முன்பக்கம் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். மூன்று மணி நேரம் ஆகியும் கெட்டியாகவே இருந்தாலோ, ஃபேன் கிரில்லிலும் ஐஸ் ஏறியிருந்தாலோ அப்போது கோளாறைத் தேடலாம்.

மகள் வீட்டில் ஆவி வந்தும் ஐஸ் முழுதாகப் போகவில்லை. ஃபேன் திரும்ப ஓடியதும் 'டக் டக்' என்று சத்தம், இறக்கை நுனி ஐஸில் இடிக்கிறது. உடனே ஆஃப் செய்யச் சொன்னேன். அப்புறம், "போனை மேலே தூக்கிக் காட்டும்மா" என்றேன். கூரையோரத் தகரக் கால்வாயில் ஒரு மூட்டு விட்டுப்போய், சொட்டுச் சொட்டாக நேரே யூனிட் தலையில் விழுந்துகொண்டிருந்தது. கேஸ், எலக்ட்ரானிக் போர்டு எதிலும் பிரச்சினை இல்லை; மேலிருந்து விழுந்த தண்ணீர்தான். கீழேயும் இதே கதை நடக்கும். உருகிய தண்ணீர் வடிய வழியில்லாமல் யூனிட் அடியில் தேங்கினால் அங்கேயே உறைந்து மேலே ஏறும். அதனால்தான் யூனிட்டைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்ட் போட்டு, அந்த ஊரில் குவியும் பனி மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைக்கிறார்கள். சுற்றிலும் பனியை ஒரு முழமாவது தள்ளி ஒதுக்குங்கள். தார்ப்பாய் போட்டு மூடவே கூடாது, அதற்குக் காற்று வேண்டும்.

மாப்பிள்ளை ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றார். அவரைத் தடுத்ததுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய வேலை. ஃபின் காகிதம் மாதிரி மெல்லிய அலுமினியம், அதன் நடுவில் கேஸ் ஓடும் குழாய். ஒரு குத்து தவறினால் கேஸ் மொத்தமும் போய்விடும். கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம். யூனிட்டை நிறுத்திவிட்டு வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் போதும். வெளியே மைனஸ் 10 என்றால் அதுவும் வேண்டாம், ஊற்றியது அங்கேயே உறையும். அந்த நேரத்துக்கு வீட்டில் சுவரோர ஹீட்டர் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். டக்ட் (அறைகளுக்குக் காற்று போகும் குழாய்) வைத்த வீடாக இருந்தால் தெர்மோஸ்டாட்டில் 'எமர்ஜென்சி ஹீட்' இருக்கும். கரண்ட் பில் ஏறும், ஆனால் ஒரு ராத்திரிக்குப் பரவாயில்லை.

உள்ளே ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். டிஃப்ராஸ்ட்டுக்கான சூட்டில் ஒரு பங்கு வீட்டுக்குள்ளிருந்துதான் போகிறது, ஃபில்டர் அடைத்தால் அதுவும் நொண்டும்.

இவ்வளவுக்கும் பிறகும் ஐஸ் போகாமல் இருந்தால், காரணம் வெளி ஃபேன் மோட்டார், டிஃப்ராஸ்ட் சென்சார், போர்டு, ரிவர்ஸிங் வால்வ், இல்லை கேஸ் லீக். இது மெக்கானிக் வேலை. ஒன்று மட்டும் பிடிவாதமாக இருங்கள்: வந்தவர் "கேஸ் டாப்-அப் பண்ணினால் சரியாகிவிடும்" என்றால், லீக் எங்கே என்று முதலில் காட்டச் சொல்லுங்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

அவரைக் கூப்பிடும் முன் வெளி வெப்பநிலை, கடைசியாக ஆவி வந்த நேரம், டிஸ்ப்ளேயில் வந்த எரர் கோடு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்கக் காயிலை ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். போனிலேயே இதைச் சொல்லிவிட்டால், தேவைப்படும் சென்சாரை வண்டியில் போட்டுக்கொண்டே வருவார். இரண்டாம் தடவை வரும் கூலி மிச்சம்.