மார்ச் மாதத்து மலை ஆறும் ட்ரவுட் மீனும்: உங்கள் அனுபவம் என்ன?

நாக்ஸ்வில்லிலிருந்து:

டென்னசிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஸ்மோக்கி மலைக்கு வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்தான். ஆனால் முதல் மூன்று வருஷமும் மார்ச் மாதத்தில் ஒரு ட்ரவுட்கூட என் தூண்டிலில் மாட்டவில்லை. கெண்டைக்கும் விராலுக்கும் ஏரிக்கரையில் தூண்டில் போட்டு வளர்ந்தவன் நான். மீன் பிடிக்கப் போவது என்றால் கோழி கூவும் முன்னால் கிளம்ப வேண்டும் என்பது மனதில் ஊறிப்போன விஷயம். அதனால் இருட்டோடு போய் லிட்டில் ரிவரில் முழங்கால் தண்ணீரில் நிற்பேன். விரல் மரத்துப்போகும். லைனை வீசி வீசித் தோள் வலிக்கும். பத்து மணிக்குள் மனம் விட்டுப்போய்த் திரும்பிவிடுவேன்.

நான்காவது வருஷம் எல்க்மான்ட் பக்கம் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். ராடைக்கூட (தூண்டில் கோல்) எடுக்காமல் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். நூலில் கட்டிய ஒரு சின்ன வெப்பமானியைக் காட்டி, "தண்ணீர் நாற்பத்து மூன்று டிகிரி. ஐம்பதைத் தொடட்டும், போகலாம்" என்றார். ஃபாரன்ஹீட் கணக்கு அது. ஐம்பது என்றால் நமக்குப் பத்து டிகிரி செல்சியஸ்.

ட்ரவுட்டுக்குத் தனியாக உடம்புச் சூடு கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. ஐந்து, ஆறு டிகிரியில் செரிமானமே மந்தமாகிவிடும். மடுவின் அடியில் ஒரு கல் மறைவில் ஒதுங்கிக் கிடக்கும். முகத்துக்கு நேராக வரும் இரையை மட்டும் வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும், அரை அடி தள்ளிப் போனால் திரும்பிக்கூடப் பார்க்காது. நான் மூன்று வருஷம் மேல்தண்ணீரில் ஃப்ளையை, அதாவது பூச்சி மாதிரி கட்டிய கொக்கியை, மிதக்கவிட்டுக்கொண்டிருந்தேன். கீழே இருந்த மீனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அன்றைக்கு அவரோடு காத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு நாற்பத்தெட்டு. ஒன்றேகாலுக்கு ஐம்பது தாண்டியது. அப்புறம் நடந்ததை என்னால் மறக்க முடியாது. வேகமாக ஓடும் தண்ணீரிலிருந்து சாம்பல் நிறப் பூச்சிகள், சிறகைப் பாய்மரம் மாதிரி நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நம் ஊரில் மழை விட்ட மாலையில் ஈசல் புறப்படுமே, அந்த மாதிரி. இங்கே இதை க்வில் கார்டன் என்கிறார்கள். மேஃப்ளை என்னும் நீர்ப்பூச்சி இனம். பெயர் உண்மையில் பூச்சிக்கு வைத்ததில்லை. நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப் பக்கம் வாழ்ந்த தியோடர் கார்டன் என்பவர் கட்டிய ஃப்ளையின் பெயர் அது, பூச்சிக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது. தண்ணீர் நாலைந்து நாள் தொடர்ந்து பிற்பகலில் ஐம்பதைத் தொட்டால் இது கிளம்பும். காலண்டர் தேதியைவிட இந்தக் கணக்கைத்தான் நம்பலாம்.

இந்தப் பூச்சியிடம் ஒரு விசேஷம் உண்டு. பெரும்பாலான மேஃப்ளைகள் நீர்ப்பரப்புக்கு வந்து மேல்தோலைக் கழற்றும். இது ஆற்றின் அடியிலேயே தோலைக் கழற்றிவிட்டு, சிறகோடு நீந்தி மேலே வரும். ட்ரவுட்டும் அதைப் பாதி வழியிலேயே பிடித்துத் தின்றுவிடும். அதனால் மிதக்கும் ஃப்ளையைவிட, தண்ணீருக்குள் அமிழும் வெட் ஃப்ளை அந்த நேரத்தில் நன்றாக வேலை செய்கிறது. பெரியவர் என் ஃப்ளையை மாற்றச் சொன்னார். ஒரு பாறைக்குப் பின்னால் நீரோட்டம் பிரிந்து சேரும் இடத்தைக் காட்டினார். லைனை மேல்பக்கமாக மடித்துப் போட்டு, ஃப்ளையை ஓட்டத்தின் போக்கிலேயே போகவிட்டேன். ஓட்டத்தின் முடிவில் லைன் இறுகி ஃப்ளை மேலே எழும்பும் அந்தக் கணத்தில் ஒரு இழுப்பு. ஒன்பது அங்குல ரெயின்போ ட்ரவுட். கையை நனைத்துக்கொண்டுதான் தொட்டேன். உலர்ந்த கை அதன் மேலிருக்கும் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். கொக்கியைக் கழற்றி, தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்தேன். இரண்டு நொடிதான், போய்விட்டது.

புதிதாக வருகிறவர்களிடம் ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். ரெயின்போ முட்டையிடுவது குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும்தான். ஆற்றின் ஆழம் குறைந்த இடங்களில், சுற்றிலும் பாசி பிடித்த கல்லாக இருக்க, நடுவில் மட்டும் சரளைக்கல் பளிச்சென்று தெரிந்தால் அங்கே கால் வைக்காதீர்கள். வாலால் அடித்துச் சுத்தம் செய்து முட்டை புதைத்த இடம் அது. ஒரு காலடியில் நூற்றுக்கணக்கான முட்டைகள் நசுங்கும். அதேபோல் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் கற்களை நகர்த்தி அடுக்கவும் கூடாது. அந்தக் கற்களுக்கு அடியில் ஹெல்பெண்டர் என்னும் பல்லி மாதிரி உருவம் கொண்ட பெரிய நீர்ச் சலமாண்டர் குடியிருக்கிறது.

உரிமம் டென்னசியுடையதோ நார்த் கரோலினாவுடையதோ, ஒன்று இருந்தால் பூங்கா முழுவதும் செல்லும். புழு, மாவு எதுவும் கூடாது. ஒற்றைக் கொக்கி வைத்த செயற்கை இரை மட்டும்தான்.

கடைசியாக ஒன்று. அந்த மலைக்குச் சொந்தமானது புரூக் ட்ரவுட் மட்டும்தான். ரெயின்போவும் பிரவுனும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை. மரம் வெட்டிக் காட்டை மொட்டையடித்த காலத்தில் தொடங்கி, புரூக் ட்ரவுட் தான் வாழ்ந்த இடத்தில் முக்கால்வாசியை இழந்துவிட்டது. லின் கேம்ப் பிராங் என்ற ஓடையில் ரெயின்போவை அகற்றிவிட்டு மறுபடி அதைக் குடியேற்றி, 2015-ல் மீன்பிடிக்கத் திறந்தார்கள். அங்கே ஆறு அங்குலம் தேறாத ஒரு புரூக் ட்ரவுட்டைக் கையில் ஏந்திய நாள்தான் என் ஒன்பது வருஷத்தில் பெரிய நாள்.

சண்டிகரிலிருந்து:

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது, ஏனென்றால் எங்கள் பக்கம் பிற்பகல் கணக்கு வேறு மாதிரி.

நான் போவது ஹிமாச்சலில் தீர்த்தன் ஆறு. குஷைனி என்ற ஊருக்கு மேலே. நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி முடிய அங்கே ட்ரவுட் பிடிக்கத் தடை. மார்ச் 1 திறப்பு. மீன்வளத் துறையிடம் உரிமம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். குலு பள்ளத்தாக்குக்குப் பிரவுன் ட்ரவுட் வந்தது 1909-ல், காஷ்மீரிலிருந்து. காஷ்மீருக்கு அதன் முட்டைகள் ஸ்காட்லாந்திலிருந்து 1900-ல் வந்தன. தீர்த்தனில் நீர்மின் திட்டங்கள் வேண்டாம் என்று அந்தப் பள்ளத்தாக்கு மக்களே போராடி நிறுத்தினார்கள். அதன் அருமை தண்ணீரைப் பார்த்தால் புரியும். மார்ச் தொடக்கத்தில் ஆறு வற்றி, பச்சை கலந்த நீலத்தில், அடிக்கல் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி இருக்கும்.

காலையில் மீன் அசையாது என்பது இங்கேயும் உண்மை. பதினொரு மணிக்கு மேல் வெயில் பள்ளத்தாக்குக்குள் இறங்கியதும் உயிர் வரும். ஆனால் அதே வெயில் மேலே பனியையும் உருக்குகிறது. நல்ல வெயில் நாளில் இரண்டரை, மூன்று மணிக்கு அந்தப் பனித்தண்ணீர் வந்து சேரும். ஆறு நாலு விரல் ஏறும், மறுபடி சில்லிட்டுப்போகும். மீன் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். ஆக எங்களுக்குக் கிடைப்பது மூன்று, நாலு மணி நேரம்தான்.

போன வருஷம் நான் தவறு செய்தது இங்கேதான். மதியம் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போனேன், இடுப்புக்குக் கீழேதான் தண்ணீர். நாலு மணிக்குத் திரும்பும்போது அதே இடத்தில் கால் நிற்கவில்லை. உருண்டைக் கல்லில் வழுக்கி விழுந்து பத்தடி தூரம் அடித்துப்போனேன். ஒரு பாறையைப் பிடித்துத்தான் எழுந்தேன். ராடு போனது போனதுதான். இடுப்பு பெல்ட் இறுக்கியிருந்ததால் வேடருக்குள் (ஆற்றில் இறங்கப் போடும் நீர்புகாக் கால்சட்டை) தண்ணீர் நிறையவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். பனி உருகும் ஆற்றில் காலையில் கடந்த வழியை மாலையில் நம்பாதீர்கள். கரையோரக் கல்லில் ஈரக்கோடு ஏறுகிறதா என்று அரைமணிக்கு ஒரு தரம் பாருங்கள்.

குன்னூரிலிருந்து:

எங்கள் அவலாஞ்சியில் 1907-ல் தொடங்கிய ட்ரவுட் பொரிப்பகத்தைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்திருக்கிறேன். தொட்டியில் பார்த்ததோடு சரி, ஆற்றில் பார்த்ததில்லை. வரும் மார்ச்சில் மகளோடு தீர்த்தன் போகிறேன். அவளுக்கு வயது பதினொன்று. என்ன ஃப்ளை கொண்டுபோகலாம்?

சண்டிகரிலிருந்து:

கூட்டி வாருங்கள் அண்ணா. பதினாறாம் நம்பர் கொக்கியில் கட்டிய ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் (நீருக்குள் வாழும் இளம்பூச்சி மாதிரியான ஃப்ளை) ஒரு டஜன் போதும், அவற்றில் பாதி, தலைப்பக்கம் மணி வைத்ததாக இருக்கட்டும். அப்போதுதான் அடிக்குப் போகும். கொக்கி முனையிலுள்ள எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். பாப்பாவை ஆற்றில் இறக்க வேண்டாம், கரையிலிருந்தே எட்டுகிற மடுக்கள் குஷைனியில் நிறைய உண்டு. முக்கியமாக, நூல் கட்டிய வெப்பமானி ஒன்று வாங்கி அவள் கையில் கொடுங்கள். எட்டு டிகிரி ஆனதும் அவள் சொல்லட்டும், அப்புறம் நீங்கள் ராடை எடுக்கலாம்.