ஓய்வு பெற்ற ஜெனரல் வாய் திறந்தால்

நிவேதா: மாமா, ஒரு சந்தேகம். அமெரிக்காவுல ரிட்டயர் ஆன ஜெனரல் பாதுகாப்பு அமைச்சரைத் தாக்கிப் பேசினா கேஸ் போட முடியுமா? அவர் இப்ப சிவிலியன்தானே?

சேகர் மாமா: முழு சிவிலியன் இல்லம்மா. ரெகுலர் படையில ரிட்டயர் ஆகி பென்ஷன் வாங்குறவரை ராணுவச் சட்டம் விடாது. யூசிஎம்ஜேங்கிற ராணுவ நீதிச் சட்டத்தோட 2-வது பிரிவு அது. 88-வது பிரிவுப்படி, கமிஷன்ட் அதிகாரி ஜனாதிபதியையோ பாதுகாப்பு அமைச்சரையோ காங்கிரஸையோ (அவங்க நாடாளுமன்றம்) இழிவாப் பேசினா குற்றம். பதவி பறிப்பு, சம்பளம் முழுக்கக் கட், 1 வருஷம் வரைக்கும் சிறை.

கண்ணன்: ரிசர்வ்ல, அதாவது பகுதி நேரப் படையில, ரிட்டயர் ஆனவங்களுக்குப் பொதுவா இது கிடையாது. பாதியில வேலையை விட்டவங்களுக்கும் இல்ல. 2025 நவம்பர்ல சட்டவிரோத உத்தரவை மறுக்கலாம்னு படை வீரர்களுக்கு வீடியோ போட்ட ஆறு காங்கிரஸ் உறுப்பினர்கள்ல, பென்டகன் செனட்டர் மார்க் கெல்லி மேல மட்டும் விசாரணைன்னு சொன்னதுக்கு இதுதான் காரணம். அவர் பென்ஷன் வாங்குற கடற்படை கேப்டன்.

நிவேதா: அப்போ 2006-ல, ஈராக் போர் சமயத்துப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் பதவி விலகணும்னு சொன்ன ரிட்டயர்ட் ஜெனரல்கள் மேல இந்தச் சட்டம் ஏன் பாயல?

சேகர் மாமா: கொள்கையைக் கண்டிக்கிறது வேற, ஆளை இழிவு பண்றது வேற. அரசியல் விவாதத்துல எவ்வளவு காட்டமாச் சொன்னாலும், தனிப்பட்ட இழிவு இல்லன்னா 88-ல வழக்கு போடக்கூடாதுன்னு கோர்ட் மார்ஷல் கையேடே சொல்லுது. 1965-ல இந்த 88-ல தண்டனை வாங்கின ஹென்றி ஹோவ் பணியில இருந்த லெஃப்டினன்ட். எல் பாசோ ஊர்ல ஜனாதிபதி ஜான்சனுக்கு எதிரா பதாகை பிடிச்சார்.

லட்சுமி அத்தை: சட்டம் இருக்கட்டும். யார் பேச்சை எடுத்துக்கணும்கிறதுதான் விஷயம். ரிட்டயர் ஆன ஜெனரல் எழுதின கட்டுரையைப் படிக்கும்போது தோள்ல இருந்த ஸ்டாரை எண்ணாதே நிவேதா, அவர் கடைசியா எந்தப் பொறுப்புல எந்த வருஷம் இருந்தார்னு பாரு. ரம்ஸ்ஃபெல்டை எதிர்த்தவங்கள்ல பால் ஈட்டன் 2003-04-ல ஈராக் ராணுவத்தைக் கட்டியெழுப்புற பயிற்சிக்குப் பொறுப்பா இருந்தவர். ஜான் பாட்டிஸ்ட் 1-வது காலாட்படை டிவிஷனை ஈராக்குலயே நடத்தினவர், மூணாவது ஸ்டாரை (அடுத்த பதவி உயர்வை) வேண்டாம்னுட்டு வெளியே வந்தார். இவங்க ஆள் பத்தல, திட்டம் சரியில்லன்னா கேட்டே ஆகணும். கிரெகரி நியூபோல்ட் ஜாயின்ட் ஸ்டாஃப்ல, அதாவது முப்படைக் கூட்டுத் தலைமையகத்துல, ஆபரேஷன்ஸ் இயக்குநர். ஈராக் போர் தொடங்குறதுக்கு முன்னாடியே, 2002-ல ரிட்டயர் ஆயிட்டார். அப்பவே வெளிப்படையா எதிர்க்காம விட்டதுக்கு வருத்தப்படுறேன்னு 2006-ல டைம் பத்திரிகையில எழுதினார். அந்த நாலு வருஷ இடைவெளிதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

கண்ணன்: ஆனா அத்தை, இதுல ஒரு கேடும் இருக்கு. இன்னைக்கு ரிட்டயர் ஆன ஒருத்தர் எழுதினா, நாளைக்குப் பணியில இருக்குற ஜெனரல் மனசு விட்டுப் பேசும்போது 'இவனும் ரிட்டயர் ஆனதும் எழுதுவான்'னு அமைச்சர் நினைப்பார். அப்புறம் தலையாட்டுறவங்களாப் பார்த்துத்தான் பதவி கொடுப்பாங்க.

லட்சுமி அத்தை: அதுக்குத்தான் சொல்றேன், சீருடையில இருக்கும்போதே சொல்லணும். தரைப்படைத் தலைமைத் தளபதியா இருந்த ஷின்செகி சொன்னாரே! 2003 பிப்ரவரி 25, செனட் கமிட்டி. ஈராக்குக்குப் பல லட்சம் வீரர்கள் தேவைப்படலாம்னார். ரெண்டு நாள்ல துணைப் பாதுகாப்பு அமைச்சர் வுல்ஃபோவிட்ஸ் அதை மறுத்தார். அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும்.

நிவேதா: 2006-ல அத்தனை பேர் சொல்லித்தானே ரம்ஸ்ஃபெல்ட் போனார்?

கண்ணன்: இல்ல. ஏப்ரல்ல இவங்க பேசினப்ப ஜனாதிபதி புஷ் அவரை விட்டுக்கொடுக்கல. நவம்பர் 7 காங்கிரஸ் தேர்தல்ல புஷ் கட்சி தோத்துச்சு, 8-ம் தேதி ராஜினாமா அறிவிப்பு.

சேகர் மாமா: ஷின்செகி மாதிரி பேச வழி இன்னும் இருக்கு. பெரிய பதவிக்குப் பேர் வந்தா, 'அரசோட கருத்துக்கு மாறா இருந்தாலும் கேட்டா உங்க சொந்தக் கருத்தைச் சொல்வீங்களா'ன்னு செனட் கமிட்டி கேட்கும். ஆமான்னு சொன்னாத்தான் பதவி. அந்த வாக்கை வச்சு கமிட்டி விடாமக் கேட்டாலே பாதி விஷயம் அங்கேயே வெளிய வந்துடும்.