பொருள்: யூதவெறுப்பா, யூதப்பகையா, செமித்திய எதிர்ப்பா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

யூதர் என்பதற்காகவே யூதர்களை வெறுப்பதை ஆங்கிலத்தில் ஆன்டிசெமிட்டிசம் என்கிறார்கள். நம் மாணவர் கையேட்டுக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். பொள்ளாச்சி ஐயா 'யூதப்பகை' என்கிறார். ஈரோட்டுத் தங்கை 'செமித்திய எதிர்ப்பு' போதும் என்கிறார். 'யூதவெறுப்பு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து.

செமித்தியம் என்பது மொழிக்குடும்பத்தின் பெயர். எபிரேயம் மட்டுமல்ல, அரபும் அம்ஹாரிக்கும் அதில்தான் வருகின்றன. 1879-இல் ஜெர்மன் எழுத்தாளர் வில்ஹெல்ம் மார், யூதர்களுக்கு எதிராகத் தொடங்கிய தன் சங்கத்துக்கு அந்தப் பெயரை வைத்தது, பழைய வெறுப்புக்கு அறிவியல் சாயம் பூசத்தான். அதைத் தமிழிலும் ஏன் சுமக்க வேண்டும்? எதிர்ப்பு என்பதும் உறுத்துகிறது. 1965 இந்தி எதிர்ப்பு மாதிரி, ஒரு கொள்கையை, ஓர் அரசை எதிர்க்க அந்தச் சொல் நமக்கு வேண்டும். இஸ்ரேல் அரசைக் கண்டிப்பது வேறு, யூதர் என்பதற்காகவே ஒருவரைத் தூற்றுவது வேறு.

பகை என்றால்? நம் பக்கம் பங்காளிப் பகையில் இரண்டு வீட்டுக்கும் நடுவே சண்டைக்குக் காரணமாக ஒரு வரப்போ கிணறோ இருக்கும். பெர்லினில் கடை வைத்திருந்த யூதருக்கு யாரோடு வரப்புத் தகராறு?

'யூத சமய வெறுப்பு' என்று விரிக்கலாமே என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ஆனால் அந்த வெறுப்பு சமயத்தோடு நிற்கவில்லை. அடால்ஃப் ஸ்டோக்கர் கைசரின், அதாவது ஜெர்மன் பேரரசரின், அரசவைப் போதகர். தொழிலாளரைத் திரட்ட 1878-இல் கட்சி தொடங்கினார்; அவர்கள் வரவில்லை. மறுவருடம் மேடையில் யூதர்களைச் சாட ஆரம்பித்ததும் சிறு கடைக்காரர்களும் கைவினைஞர்களும் திரண்டார்கள். சபைக்கும் கட்சிக்கும் நடுவே இருந்த சுவர் அங்கேயே இடிந்துவிட்டது. 1933 ஜூலையில் 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' அணி நாஜிகளின் ஆதரவோடு அங்குள்ள புராட்டஸ்டண்ட் திருச்சபைத் தேர்தலில் வென்றது. யூத வம்சாவளிப் போதகர்களை விலக்கச் சொன்ன அணி அது. அந்தப் போதகர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள். மதம் மாறியும் விடவில்லை என்றால் 'சமய' என்ற அடை எப்படிப் பொருந்தும்? அந்த அணியை எதிர்த்தவர்கள் 1934-இல் வெளியிட்ட பார்மன் அறிக்கையில்கூட யூதர்களுக்காக ஒரு வரி இல்லை. அதை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

1997, 98-இல் கோவையில் கடைகள் எரிந்ததையும் குண்டுகள் வெடித்ததையும் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். மத வெறுப்பு வாக்குக்கும் ஆள் சேர்க்கவும் பயன்படும்போது என்ன ஆகும் என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பெண்களை வெறுப்பது என்ற பொருளில் 'பெண்வெறுப்பு' ஏற்கெனவே புழங்குவதால், 'யூதவெறுப்பு' என்றால் வெறுப்பது யார், வெறுக்கப்படுவது யார் என்ற குழப்பமும் வராது. ஆளுக்கு யூதவெறுப்பாளர், கட்சியாக, இயக்கமாகத் திரண்டால் யூதவெறுப்பு அரசியல். சரி, மாணவர் கையேட்டில் இப்படியே போட்டுவிடலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்க.