ஃபிளிக்கின் ஹை லைன்: கோட்டை இறக்கணுமா, பிரஸ்ஸைச் சரி பண்ணணுமா?

கடைசிக்கோடு:
2025 நவம்பர் 5, சாம்பியன்ஸ் லீக்ல நம்ம பார்சலோனா கிளப் ப்ரூஜ்கூட அவங்க ஊர்ல 3-3. மூணு தடவை பின்தங்கி மூணு தடவை சமன் பண்ணியிருக்கோம். "என்னா ஒரு கம்பேக்"னு ஸ்டேட்டஸ் போடுறவங்க கொஞ்சம் நிறுத்திட்டு, வாங்கின கோலைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. கார்லோஸ் ஃபோர்ப்ஸ் ஒருத்தரே ரெண்டு கோல், முதல் கோலுக்கு அசிஸ்ட்டும் அவர்தான். இவர் என்ன எம்பாப்பேவா? நல்ல வேகம் உள்ள ஒரு விங்கர், அவ்வளவுதான். கோச் ஃபிளிக்கோட ஹை லைன்ல, அதாவது பின்வரிசையை நடுக்கோட்டுப் பக்கம் ஏத்தி நிறுத்துறதுல, அந்த வேகத்துக்கு நாம முன்னாடி 40 மீட்டர் காலி நிலம் போட்டுக் கொடுக்கிறோம்.

இது ஒரு ராத்திரி சமாசாரம் இல்லை. 2024-25 சாம்பியன்ஸ் லீக்ல 14 மேட்ச்ல 24 கோல் வாங்கினோம். 43 அடிச்சதால அது கண்ணுக்குத் தெரியலை. இன்டர்கூட செமிஃபைனல்ல ரெண்டு லெக்ல ஆறு கோல் அடிச்சும் வெளியே வந்தோம்: 3-3, அப்புறம் அவங்க மைதானம் சான் சிரோவுல எக்ஸ்ட்ரா டைம்ல 4-3.

கணக்கு எளிசு. நம்ம சென்டர் பேக் முன்னாடி பார்த்து நிக்கிறார். ஓடி வர்றவர் ஏற்கனவே முழு வேகத்துல, நொடிக்கு எட்டு ஒன்பது மீட்டர். இவர் திரும்பி வேகம் எடுக்கிறதுக்குள்ள நாலஞ்சு மீட்டர் போச்சு. அதுக்கப்புறம் பிடிக்கவே முடியாது. கோட்டை ஒரு பத்துப் பன்னிரண்டு மீட்டர் இறக்குங்க. பந்து பின்னால விழுந்தாலும் கோலி வந்து எடுக்கிற தூரத்துல இருக்கும்.

பெட்ரி_பித்தன்:
பத்து மீட்டர் இறக்கினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா அண்ணா? முன்வரிசை மேல நின்னு பிரஸ் பண்ணும் (எதிராளியை நெருக்கிப் பந்தைப் பறிக்கப் பார்க்கும்), பின்வரிசை கீழ போயிடும். நடுவுல இப்ப 25 மீட்டர் இருக்கிற இடைவெளி 35 ஆகும். அந்தப் பள்ளத்துல ஃப்ரெங்கி டி யோங் ஒருத்தரே ஓடணும். எதிரணி மிட்ஃபீல்டர் பந்தை வாங்கித் திரும்பி, தலை தூக்கிப் பார்த்து, நிதானமா பாஸ் போடுவார். ஒரு வாசலை அடைச்சு இன்னொண்ணைத் திறந்து விடுறீங்க.

ஹை லைனுக்கு உயிரே பந்து வச்சிருக்கிறவன் மேல இருக்கிற அழுத்தம்தான். அவன் நம்ம கோலுக்கு முதுகு காட்டி நிக்கிறானா, தலை குனிஞ்சு பந்தைப் பார்க்கிறானா, பின்னாடி பாஸ் போடுறானா, கோடு மேல ஏறணும். அவன் திரும்பிட்டான், தலை தூக்கிட்டான், பக்கத்துல நம்ம ஆள் இல்லைன்னா நாலு பேரும் உடனே பின்னால ஓடணும். இந்த ரெண்டாவது பாதியைத்தான் இப்ப பண்றதில்லை. அழுத்தம் இல்லாதப்பவும் கோடு மேலயே நிக்குது.

ஏன் அழுத்தம் இல்லை? ப்ரூஜுக்கு எதிரா ரஃபீன்யா இல்லை, பெட்ரி இல்லை, ரெண்டு பேருமே காயம். போன சீசன்ல இடதுபக்கம் பிரஸ்ஸை ஆரம்பிச்சு வச்சதே ரஃபீன்யா. ராஷ்ஃபோர்டு பந்தோட அருமையான ஆள், ஆனா பந்து போனதும் அந்த முதல் மூணு நொடி ஓட்டம் அவர்கிட்ட இல்லை. அதே கோடு, அதே உயரம். 2024 அக்டோபர் 26, ரியல் மாட்ரிட்டோட பெர்னபேவுல நாம 4-0. மாட்ரிட் 12 தடவை ஆஃப்சைடு (பாஸ் போற நொடியில நம்ம பின்வரிசையைத் தாண்டி நின்னது), அதுல எம்பாப்பே மட்டும் எட்டு. அன்னைக்கு யாராவது கோட்டை இறக்குன்னு சொன்னீங்களா?

வெள்ளைச்சட்டை:
எதிர்க்கட்சி, மாட்ரிட் ரசிகன், உள்ளே வரலாமா? அந்த எட்டு ஆஃப்சைடையும் வாய் விட்டுச் சொன்னதால நானே சொல்றேன். அன்னைக்கு எங்க ஆளுங்க கோட்டை ஒட்டியே நின்னுக்கிட்டு, பாஸ் வர்றதுக்கு முன்னாடியே கிளம்பினாங்க. உங்க நாலு பேர் ஒரே அடி முன்னால வச்சா போதும், கொடி மேல போயிடும்.

சரியா ஒரு வருஷம் கழிச்சு, 2025 அக்டோபர் 26, நாங்க 2-1. அன்னைக்கும் எம்பாப்பே அடிச்ச ஒண்ணு நூலிழையில ஆஃப்சைடுன்னு போச்சு. ஆனா 22-வது நிமிஷம் பெல்லிங்காம் போட்ட பாஸைப் பாருங்க. இப்ப உங்களை உடைக்கிற முறை எல்லாருக்கும் மனப்பாடம்:

ஒருத்தர் கோட்டுக்குப் பின்னால ஆஃப்சைடுலயே சும்மா நிப்பார். பந்தைத் தொடாம, யாரையும் மறைக்காம நின்னா அது குற்றமே இல்லை. உங்க சென்டர் பேக்கோட கண்ணு அவர் மேல. ஓடுறவர் வேற ஆள், மிட்ஃபீல்டுல இருந்து வர்றவர், பத்து மீட்டர் தள்ளிக் கிளம்புவார். பாஸ் கால்ல இருந்து போற நொடியில அவர் உங்க கோட்டுக்கு முன்னாலதான் இருப்பார், ஆனா முழு வேகத்துல. நேரா ஓடாம, கோட்டை ஒட்டிக் குறுக்கே ஓடி, அப்புறம் வளைஞ்சு உள்ளே போவார்.

அடுத்ததுதான் பெரிய ஆபத்து. முதல் ஆள் பின்னால போயிட்டா, கூட வர்ற ரெண்டாவது ஆள் பந்துக்குப் பின்னால இருக்கிற வரை ஆஃப்சைடே கிடையாது. பக்கவாட்டுல ஒரு தட்டு, காலி கோல். சான் சிரோவுல லவுத்தாரோ அடிச்சது அச்சு அசல் இதுதான். டிமார்க்கோ ஓல்மோகிட்ட பந்தைப் பறிச்சார், டம்ஃப்ரீஸ் பின்னால போனார், லவுத்தாரோவுக்குத் தட்டினார். கோலி ஒருத்தர், ஆள் ரெண்டு. என்ன பண்ணுவார் பாவம்.

செட்பீஸ் சேகர்:
எல்லாரும் கோடு கோடுன்னு பேசுறீங்க. இன்டர் அடிச்ச ஏழு கோலையும் வரிசையா எடுங்க.

முதல் லெக்: துராம் 30-வது நொடி, வலதுபக்கக் கிராஸ், குதிகால் ஃப்ளிக். டம்ஃப்ரீஸ் 21', கார்னர். டம்ஃப்ரீஸ் 64', மறுபடி கார்னர். ரெண்டாவது லெக்: லவுத்தாரோ, இவர் சொன்னது. சல்ஹனோலு பெனால்டி, குபார்சி லவுத்தாரோவைச் சாய்ச்சது. அச்செர்பி 90+3, கிராஸ். ஃப்ரட்டேசி 99', பாக்ஸுக்குள்ள துராம், தரேமி, ஃப்ரட்டேசின்னு தட்டினது.

ஹை லைன் மேல நேரா பழி போடக்கூடியது ஒண்ணு, இழுத்துப் பிடிச்சா ரெண்டு. மீதி அஞ்சும் நம்ம பாக்ஸுக்குள்ள, எல்லாரும் கீழ இருக்கிறப்ப விழுந்தது. கோட்டை இறக்கச் சொல்றவங்க அந்த அஞ்சைத்தான் கூட்டப் போறீங்க.

கார்னரை மட்டும் பேசுவோம். கார்னர்ல இருந்து நேரா வர்ற பந்துக்கு ஆஃப்சைடு சட்டமே இல்லை, அதனால நம்ம பெரிய ஆயுதம் அங்கே செல்லாது. உயரம்? பெட்ரி 1.74, பால்தே 1.75, ரஃபீன்யா 1.76, கூந்தே 1.80, குபார்சி 1.84. எதிர்ல டம்ஃப்ரீஸ் 1.88, அச்செர்பி, பாஸ்டோனி, பிஸ்ஸெக் எல்லாம் அதுக்கும் மேல. 64-வது நிமிஷம் டம்ஃப்ரீஸ் மேல எம்பினது யார் தலைக்கு மேலன்னு பாருங்க, ஓல்மோ. ஏரியல் பந்துல அவரை டம்ஃப்ரீஸோட மோத விட்டது திட்டத்தோட தப்பு, ஓல்மோவோட தப்பு இல்லை.

உயரம் குறைஞ்ச அணி என்ன பண்ணணும்? தாவி ஜெயிக்கிறதை மறந்துடணும். ஆறு கஜக் கோட்டுல மூணு பேர் மண்டலமா, அதாவது ஆளை விட்டு இடத்தைக் காத்து, நிக்கட்டும், அதுல ஒருத்தர் கிட்ட போஸ்டுக்கு முன்னால. எதிரணியோட தலைசிறந்த மூணு பேருக்கு ஆளுக்கு ஒருத்தர், அவங்க வேலை பந்தை எடுக்கிறது இல்லை, ஓட்டத்தை உடைக்கிறது. ஓடி வந்து எம்புறவனை நின்ன இடத்துல இருந்து எம்ப வச்சாலே பாதி உயரம் போச்சு. ஒருத்தர் பாக்ஸ் விளிம்புல, தட்டி வர்ற ரெண்டாவது பந்துக்கு. டம்ஃப்ரீஸோட முதல் கோல் அந்த மாதிரி பந்துதான், அச்செர்பி தலையால தட்டிவிட்டது.

கூல்_கார்த்தி:
போன சீசன் லா லீகாவுல 38 மேட்ச்ல 102 அடிச்சு 39 வாங்கி 88 பாயிண்ட்ல கப் எடுத்தாச்சு. மாட்ரிட் வாங்கினது 38. ஒரு கோல் வித்தியாசத்துக்கு ஒரு திரெட்டா?

கடைசிக்கோடு:
கார்த்தி, லீக் வேற, நாக்அவுட் வேற. லீக்ல பத்து கோல் கூட வாங்கினாலும் 38 மேட்ச்ல பரவிடும். நாக்அவுட்ல ஆறு நிமிஷம் போதும். சான் சிரோவுல 87-வது நிமிஷம் ரஃபீன்யா அடிச்சு 3-2. மீதி இருந்தது மூணு நிமிஷமும் இஞ்சுரி டைமும்தான். அந்த ஆறு நிமிஷம் என்ன பண்ணினோம்? நம்ம இடது பேக் ஜெரார்ட் மார்ட்டின், இன்டரோட வலதுபக்கம் டம்ஃப்ரீஸ்கிட்ட பந்தை விட்டார், கிராஸ், அச்செர்பி. ஃபவுலா இல்லையான்னு இன்னும் சண்டை போடலாம். ஆனா 37 வயசு சென்டர் பேக் ஸ்ட்ரைக்கர் மாதிரி உள்ளே நிக்கிறார், கூட ஆள் எங்கே?

சேகர், உங்க ஏழு கோல் கணக்கு சரி. ஆனா அதுல ஒண்ணை விட்டுட்டீங்க. டம்ஃப்ரீஸ் ஏன் எப்பவும் காலியா இருந்தார்? ஹை லைன்ல நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நெருங்கி நிக்கணும். இடைவெளி அதிகமானா நடுவுல பாஸ் போயிடும். அதனால இடது பேக் உள்ளே சுருங்குவார், எதிரணியோட வலது விங்பேக்குக்கு (ஓரம் முழுக்க ஏறி இறங்குறவர்) மொத்த ஓரமும் காலி. அவரைக் கவனிக்க வேண்டியது நம்ம இடது விங்கர். விங்கர் மேல பிரஸ் பண்ணப் போயிருந்தா யாருமே இல்லை. துராம் கோலுக்குக் கிராஸ் போட்டது யார்? லவுத்தாரோவுக்குத் தட்டினது யார்? அதே டம்ஃப்ரீஸ். பாக்ஸுக்குள்ள விழுந்த கோலுக்கும் வேர் மேலதான் இருக்கு.

பெட்ரி_பித்தன்:
டம்ஃப்ரீஸ் விஷயம் ஒத்துக்கிறேன், ஆனா அதுக்கு மருந்து இடம் மாத்தி நிக்கிறது, கோட்டை இறக்கிறது இல்லை. மூணு பேர் பின்வரிசை, ரெண்டு விங்பேக்னு ஆடுற அணிக்கு எதிரா ஒரு மிட்ஃபீல்டர் ஓரத்துக்கு நழுவணும். ரெண்டாவது லெக்ல அதைச் செய்யலை.

இன்னொண்ணு யாருமே தொடலை. நம்ம சென்டர் பேக்கா இருந்த இன்யீகோ மார்ட்டினேஸ். ஆகஸ்ட்ல சவுதி கிளப் அல் நசர் போயிட்டார். போன சீசன் முழுக்க கோட்டை நடத்தினது அவர்தான். எப்ப ஏறணும், எப்ப விடணும்னு குரல் கொடுத்ததும், கையைக் காட்டினதும் அவர். வேகமே இல்லாத ஆள், ஆனா ஒரு அடி முன்கூட்டியே நகர்வார். இப்ப நாலு பேர் நாலு நேரத்துல ஏறுறாங்க. மூணு பேர் சரியா ஏறி ஒருத்தர் அரை மீட்டர் பின்னால இருந்தா, கோடு அந்த ஒருத்தர் நிக்கிற இடம்தான். மீதி மூணு பேரோட வேலையும் வீண். லா லீகாவுலயும் இப்ப கேமராவும் கம்ப்யூட்டரும் கோடு போடுற செமி ஆட்டோமேடிக் ஆஃப்சைடு, கால்விரல் நுனிக்கும் கணக்கு. போன சீசன் சாம்பியன்ஸ் லீக்ல இன்டரோட மிகித்தரியான் கோல் அந்த நுனியில நமக்குச் சாதகமா போச்சு. அதே நுனி இப்ப எதிரா போகுது.

இன்யீகோ இடதுகால்காரரும்கூட. பந்தை வெளியே எடுக்கும்போது பாஸ் கோணம் இயல்பா ஓரத்துக்குத் திறக்கும். இப்ப கையில இருக்கிறவங்கள்ல ஜெரார்ட் மார்ட்டின் இடதுகால் ஆள். அவரை சென்டர்ல வச்சுப் பார்க்கலாம்னு எனக்குத் தோணுது.

வெள்ளைச்சட்டை:
கோலியை மறந்துட்டீங்களே. இந்தக் கோட்டுக்கு கோலி கோல் வாயில நிக்க முடியாது, 25 மீட்டர் வெளியே நிக்கணும். ஸ்செஸ்னி ஓய்வுல இருந்து வந்தவர், பந்தை நிறுத்துறதுல இன்னும் கில்லாடி, எங்க எம்பாப்பேவோட பெனால்டியையே தடுத்தார். ஆனா வெளியே வர்ற முடிவு? 2025 ஜனவரி சூப்பர்கப் ஃபைனல்ல எம்பாப்பேவைச் சாய்ச்சு சிவப்பு அட்டை. அதே மாசம் பென்ஃபிகாகூட 5-4 மேட்ச்ல உங்க ஆள் பால்தே மேலயே மோதினார், பவ்லிடிஸ் காலி கோல்ல தட்டிட்டுப் போனார். ப்ரூஜ்லகூட கடைசியில பந்து காலை விட்டுப் போச்சு. வெர்மான்ட் அடிச்சதை விஏஆர் (வீடியோ ரெஃபரி) ஃபவுல்னு எடுத்ததால தப்பிச்சீங்க, இல்லைன்னா 4-3.

செட்பீஸ் சேகர்:
அது உண்மை. ஜோவான் கார்சியா காயத்துல இருந்து வந்தா அந்தப் பக்கம் சரியாகும், அவர் கால் வேகம் வேற ரகம். இன்னொரு சின்ன விஷயம், ஆனா கோல் வாங்குற விஷயம்: கையைத் தூக்கிட்டு நிக்கிற பழக்கம். விஏஆர் வந்தப்புறம் லைன்ஸ்மேன் நெருக்கமான ஆஃப்சைடுக்குக் கொடியை உடனே தூக்க மாட்டார், ஆட்டம் முடியட்டும்னு காத்திருப்பார். நம்ம ஆள் கையைத் தூக்கி ரெஃபரியைப் பார்க்கிற அந்த நேரத்துல எதிராளி ரெண்டு அடி போயிடுறான். ஆஃப்சைடுன்னு நூறு சதவீதம் தெரிஞ்சாலும் ஓடணும். பயிற்சியில ஆஃப்சைடு விசிலே ஊதாம ஆட விட்டா இந்தப் பழக்கம் போகும்.

கடைசிக்கோடு:
ஞாயிறு செல்டாகூட, அவங்க மைதானத்துல. ஏப்ரல்ல மோன்ட்ஜுயிக்ல நாம 4-3 ஜெயிச்சோமே, அந்த மேட்ச்ல போர்ஹா இக்லேசியாஸ் ஹாட்ரிக். அவர் வேகமான ஆளே இல்லை! அதனால "வேகமான விங்கர் வந்தா மட்டும்தான் பிரச்சனை"ங்கிற பேச்சும் எடுபடாது. முதல் கால்மணி நேரம் நம்ம ஆளுங்க 40 மீட்டர் ஏறி நின்னாங்கன்னா ரெண்டு கோல் பார்சல்.

பெட்ரி_பித்தன்:
இக்லேசியாஸ் வேகமே இல்லைன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப பிரச்சனை பாஸ் போடுறவன் மேல அழுத்தம் இல்லாததுதான். மறுபடி நான் சொன்ன இடத்துக்கே வந்துட்டீங்க. ஞாயிறு டிவில கோட்டைப் பார்க்காதீங்க. செல்டா மிட்ஃபீல்டர் பந்து வாங்கித் திரும்புற ஒவ்வொரு தடவையும் நம்ம ஆள் ரெண்டு மீட்டருக்குள்ள இருக்காரா இல்லையான்னு எண்ணுங்க. இருந்தும் கோல் வாங்கினா கோட்டை இறக்குறதைப் பத்திப் பேசலாம்.

கடைசிக்கோடு:
எண்ணுறேன். ஆள் பக்கத்துல இல்லாதப்ப கோடு பின்னால ஓடுதா இல்லையான்னு நீங்க எண்ணுங்க.

கூல்_கார்த்தி:
நான் கோலை எண்ணிக்கிறேன்.