18,000 ரூபாய்க்கு லீனியர் சப்ளை வாங்கலாமா? (பை 4 ஸ்ட்ரீமர் + யுஎஸ்பி டேக்)

தெருவிளக்கு:
வணக்கம். ராஸ்பெரி பை 4 என்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டில் வால்யூமியோ என்கிற மியூசிக் சாஃப்ட்வேர் போட்டு, பாட்டு ஓட்டும் ஸ்ட்ரீமராக வைத்திருக்கிறேன். பாட்டெல்லாம் அதிலேயே செருகிய போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கில். டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபையருக்கான அனலாக் சிக்னலாக மாற்றும் யுஎஸ்பி டேக் (DAC) பையிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. பின்னால் தனி 5 வோல்ட் சாக்கெட்டும் ஆப்டிகல் சாக்கெட்டும் உண்டு, இதுவரை தொட்டதில்லை. பைக்குக் கொடுத்திருப்பது வீட்டில் கிடந்த 2 ஆம்பியர் போன் சார்ஜர்.

இரண்டு தொல்லை. வேறு ஆல்பத்துக்குப் போனால் சில சமயம் 'டப்' என்று ஒரு சத்தம், அதோடு டேக் காணாமல் போய்விடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால்தான் திரும்ப வரும். இன்னொன்று, பின்னணியில் ஒரு ஹம், அதன்மேல் கொசு மாதிரி ஒரு கீச்சு. கச்சேரி ஓடும்போது ஹம் தம்புராவுக்குள் ஒளிந்துகொள்கிறது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இரண்டு விநாடியில் நன்றாகவே கேட்கிறது.

கடையில் கேட்டேன். "லீனியர் சப்ளை போடுங்க சார், எல்லாம் போய்விடும்" என்று 18,000 ரூபாய் சொன்னார்கள். சாதாரண சார்ஜர் மாதிரி மின்சாரத்தை வேகமாக வெட்டாமல், இரைச்சல் குறைவாகக் கொடுக்கும் அடாப்டராம். வாங்கலாமா?

ஓம்_விதி:
வாங்காதீர்கள். முதலில் அந்த சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். பை 4-க்கு அவர்களே சொல்லும் அடாப்டர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர். அந்த 0.1 சும்மா இல்லை, வயரில் இழக்கப்போவதை முன்கூட்டியே சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பையின் நான்கு யுஎஸ்பி போர்ட்டும் சேர்ந்து கொடுக்கக்கூடியது 1.2 ஆம்பியர்தான். ஹார்ட் டிஸ்க் சும்மா இருந்தால் தூங்கிவிடும். நீங்கள் வேறு ஆல்பத்தைத் தொட்டதும் எழுந்து சுற்றத் தொடங்கும், அந்த நொடியில் கிட்டத்தட்ட 1 ஆம்பியர் இழுக்கும். மீதியில்தான் உங்கள் டேக் உயிர்வாழ வேண்டும். 'டப்' ஏன் ஆல்பம் மாற்றும்போது மட்டும் வருகிறது என்று இப்போது புரிகிறதா?

மெல்லிய சார்ஜர் வயருக்குப் போக வர கால் ஓம் இருந்தாலே 2 ஆம்பியரில் அரை வோல்ட் போயிற்று. பை சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் 'அண்டர் வோல்டேஜ்' என்று அலறும். டிவியில் மாட்டிப் பார்த்தால் மூலையில் மின்னல் குறி தெரியும்.

மாலைக்கச்சேரி:
'டப்' பற்றி ஓம்_விதி சொல்வது சரி. ஆனால் இவர் எப்போதுமே 'டிஜிட்டல் என்றால் 0-வும் 1-ம்தான்' என்கிற கட்சி, அதனால் கீச்சைத் தொடாமல் போய்விட்டார்.

யுஎஸ்பி வயரில் டேட்டா மட்டும் போகவில்லை. 5 வோல்ட்டும், அது திரும்பிப் போகும் கிரவுண்ட் வயரும் கூடவே போகின்றன. தனி அடாப்டர் இல்லாத டேக்கில் அந்த 5 வோல்ட்தான் அனலாக் பகுதிக்கும் சாப்பாடு. சாப்பாட்டில் மண் இருந்தால் பல்லில் நறநறக்கத்தானே செய்யும்? நான் மூன்று வருடமாக ஸ்ட்ரீமருக்கு லீனியர்தான். மாற்றிய அன்றே மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பிக்கு ஒரு கனம் வந்தது. அதை மீட்டரில் காட்டச் சொல்லாதீர்கள்.

ஓம்_விதி:
மீட்டரில் காட்டச் சொல்லவில்லை, கண்ணைக் கட்டிக்கொண்டு காட்டச் சொல்கிறேன் :)

நான் '0, 1 மட்டும்தான்' என்று எங்கே சொன்னேன்? இந்தக் காலத்து டேக்குகள் பெரும்பாலும் அசின்க்ரனஸ் முறையில் ஓடுபவை. கடிகாரம் டேக்குக்குள் இருக்கிறது, "கொஞ்சம் வேகமாக அனுப்பு, கொஞ்சம் மெதுவாக அனுப்பு" என்று அதுவே பைக்குச் சொல்கிறது. அதனால் வயரால் தாளம் பிசகும் என்கிற பேச்சுக்கு வேலை இல்லை. கிரவுண்ட் வழியாக இரைச்சல் ஏறும் என்பதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை.

என் கேள்வி வேறு. நீங்கள் 18,000 ரூபாய்க்குச் சுத்தமான 5 வோல்ட்டைப் பையின் வாசல்வரை கொண்டுவருகிறீர்கள். உள்ளே நுழைந்ததும் பை அதை ஸ்விட்ச்சிங் ரெகுலேட்டர்களில் (வேகமாக அணைத்துப் போட்டு வோல்டேஜை மாற்றும் சர்க்யூட்) வெட்டித்தான் பிராசஸருக்கும் மெமரிக்கும் கொடுக்கிறது. பிராசஸர் வேலை கூடக் கூட அந்த இரைச்சலும் மாறும். தெருவிளக்கு, போனில் வால்யூமியோவைத் திறந்து பட்டியலை வேகமாக மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். கீச்சின் சுருதி மாறுகிறதா?

தெருவிளக்கு:
மாறுகிறது! ஆல்பம் படங்கள் வரிசையாக வரும்போது 'கிர்ர்' என்று ஏறி இறங்குகிறது. இத்தனை நாள் கவனிக்கவில்லை.

வால்வு_ரேடியோ:
தம்பிகளா, சண்டைக்கு நடுவில் ஒரு வார்த்தை. ஹம்மும் கீச்சும் ஒரே நோய் இல்லை.

தெருவிளக்கு தம்பி, உங்கள் ஆம்ப் மூன்று பின் பிளக்தானே? பையின் சார்ஜர் இரண்டு பின். அந்த மாதிரி சார்ஜருக்குள் மெயின்ஸ் பக்கத்தையும் 5 வோல்ட் பக்கத்தையும் இணைத்து ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியாகக் கொஞ்சம் லீக்கேஜ் வரும். சார்ஜில் இருக்கும் லேப்டாப்பின் உலோக மூடியில் விரலை மெல்ல இழுத்தால் சொரசொரவென்று ஒரு கூச்சம் தெரியுமே, அதேதான். அது பை, டேக், அங்கிருந்து ஆம்புக்குப் போகும் ஆர்சிஏ வயரின் கவசம் வழியாக ஆம்புக்குப் போய் எர்த்தைத் தேடுகிறது. போகிற வழியில் 50 ஹெர்ட்ஸ் ஹம்.

காசு செலவில்லாத சோதனை: சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பையை ஒரு பவர் பேங்கில் ஓட்டுங்கள். ஹார்ட் டிஸ்க்கும் லேன் வயரும் வேண்டாம், வைஃபையில் ஏதாவது பாடட்டும். ஹம் போனால் நான் சொன்னதுதான். லேன் போர்ட்டுக்குள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் சாதாரண லேன் வயர் பெரும்பாலும் குற்றவாளி இல்லை. உலோகக் கவசம் போட்ட லேன் வயர் என்றால் அதையும் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. எவனாவது "ஆம்பின் எர்த் பின்னை வெட்டிவிடு, ஹம் போய்விடும்" என்று சொல்வான். போகும். ஆம்பின் உள்ளே ஒரு வயர் கழன்று பெட்டியில் பட்டால் நீங்களும் போவீர்கள். வேண்டாம்.

தெருவிளக்கு:
நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். முதலில் வோல்ட் காட்டும் யுஎஸ்பி டெஸ்டரை டேக்குக்கு முன்னால் செருகினேன். பழைய சார்ஜரில் சும்மா இருக்கும்போது 4.81. ஹார்ட் டிஸ்க் எழுந்த நொடியில் 4.4-க்குப் பக்கம் போய் வந்தது, அதே சமயம் 'டப்'. அப்புறம் 5.1 வோல்ட் அடாப்டர் வாங்கி, ஹார்ட் டிஸ்க்கைத் தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப்புக்கு (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) மாற்றினேன். இப்போது டெஸ்டர் 5.02-இல் ஆடாமல் நிற்கிறது, 'டப்' இல்லை.

பவர் பேங்கில் ஹம் சுத்தமாகப் போயிற்று. கீச்சு போகவில்லை. அடாப்டருக்குத் திரும்பினால் ஹம்மும் திரும்புகிறது.

மாலைக்கச்சேரி:
மெயின்ஸோடு தொடர்பே இல்லாத பவர் பேங்கிலும் கீச்சு இருக்கிறது, பட்டியலைத் தள்ளினால் சுருதியும் மாறுகிறது என்றால் அது பைக்குள்ளேயே பிறக்கிறது. சரி, அந்த ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் லீனியரைப் பைக்குக் கொடுக்காதே, டேக்குக்குக் கொடு என்கிறேன். பின்னால் 5 வோல்ட் சாக்கெட் இருக்கிறதல்லவா, அதில் போடுங்கள். யுஎஸ்பி பிளக்கின் 5 வோல்ட் பட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் பையின் அழுக்கு மின்சாரம் உள்ளே வராது.

ஓம்_விதி:
மூன்று வருடமாகப் பைக்குத்தானே கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்!

விஷயத்துக்கு வருவோம். 5 வோல்ட்டை மறைக்கலாம், கிரவுண்டை மறைக்க முடியாது. டேட்டாவுக்கே அது தேவை. கீச்சு கிரவுண்ட் வழியாக வருகிறதென்றால் டேப் ஒட்டிப் பயனில்லை. தவிர, சில டேக்குகள் சொந்த அடாப்டரில் ஓடினாலும் அந்த 5 வோல்ட்டைப் பார்த்துத்தான் "யாரோ வந்திருக்கிறார்கள்" என்று தெரிந்துகொள்ளும். மறைத்தால் டேக்கே தெரியாது. தெருவிளக்கு, ஒரு சாதாரண சார்ஜரை டேக்கின் சாக்கெட்டில் செருகி, டேப் ஒட்டிப் பாருங்களேன். லீனியருக்கு முன் அதற்கு என்ன செலவு?

தெருவிளக்கு:
செய்தேன். டேக் தெரிகிறது. கீச்சு பாதியாகக் குறைந்தது, ஆனால் இருக்கிறது. ஹம் கொஞ்சம் கூடினது மாதிரி இருக்கிறது. டேட்டாவை மட்டும் விட்டுக் கிரவுண்டைப் பிரித்துவிடும் யுஎஸ்பி ஐசோலேட்டர் என்று ஒன்று 900 ரூபாய்க்குப் பார்த்தேன், அது சரிப்படுமா?

ஓம்_விதி:
இரண்டு பேருக்கும் பாதி வெற்றி :) ஹம் கூடியது புது சார்ஜரின் லீக்கேஜும் சேர்ந்ததால்.

அந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் 12 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 12 மெகாபிட்) சிப்பில் செய்தவை. அந்த வேகத்தில் ஒரு மில்லிசெகண்டுக்கு 1,023 பைட்டுக்கு மேல் ஆடியோ போகாது, அதாவது சுமார் 8.2 எம்பிபிஎஸ். 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ பாட்டுக்கு 4.6 போதும், நுழைந்துவிடும். 192 கிலோஹெர்ட்ஸுக்கு 9.2 வேண்டும், நுழையாது. டேக் யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 1 என்கிற பழைய முறையிலும் பேசத் தெரிந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றுமே வராது. 480 எம்பிபிஎஸ் ஐசோலேட்டரும் உண்டு, விலை வேறு.

வால்வு_ரேடியோ:
எதற்கு இத்தனை சுற்று? டேக்கில் ஆப்டிகல் இருக்கிறது என்று முதல் பதிவிலேயே சொன்னாரே! யுஎஸ்பியை ஆப்டிகலாக மாற்றும் சின்னப் பெட்டி என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. பை அதோடு நிற்கட்டும். அங்கிருந்து டேக்குக்குப் போவது வெளிச்சம் மட்டும். வெளிச்சத்தில் ஏது கிரவுண்ட்?

மாலைக்கச்சேரி:
அண்ணே, ஆப்டிகலில் கடிகாரம் டேக்கிடம் இருக்காதே. வரும் சிக்னலிலிருந்துதான் அது தாளம் பிடிக்க வேண்டும். 192-உம் எல்லாவற்றிலும் ஓடாது. இதற்கா யுஎஸ்பி டேக் வாங்கினார்?

வால்வு_ரேடியோ:
அவருக்கு வேண்டியது கொசு போவது தம்பி. 192-இல் அவரிடம் எத்தனை பாட்டு இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

தெருவிளக்கு:
ஐந்து ஆல்பம் :)

அண்ணன் கொடுத்த பெட்டி வந்தது. கீச்சு இல்லை. ஹம், டேக்கின் சாக்கெட்டில் அதே சார்ஜர் இருந்தும், காதை ஸ்பீக்கரில் வைத்தால்தான் தெரிகிறது. 96-க்கு மேல் போனால் சத்தம் விட்டுவிட்டு வருகிறது. அந்த ஐந்தை 96-க்கு இறக்கிக்கொண்டேன்.

ஒரு புதுக் குழப்பம். பையை அணைத்து அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் பையின் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. பேயா?

ஓம்_விதி:
ஹப். அதன் அடாப்டரிலிருந்து 5 வோல்ட் யுஎஸ்பி வயர் வழியாகப் பின்னோக்கிப் பைக்குள் போகிறது. மலிவான ஹப்புகளில் அதைத் தடுக்கும் பாகம் வைப்பதில்லை. அப்படியே விடாதீர்கள், பை அரைகுறையாக எழுந்து மெமரி கார்டைக் கெடுத்துக்கொள்ளலாம். ஹப்பிலிருந்து பைக்கு வரும் பிளக்கில் நான்கு பட்டை இருக்கும், ஓரத்து இரண்டும் கொஞ்சம் நீளம். அவற்றில் ஒன்று 5 வோல்ட், மற்றது கிரவுண்ட். மீட்டரில் பார்த்து 5 வோல்ட் பட்டையில் டேப் ஒட்டுங்கள்.

மாலைக்கச்சேரி:
கடைசியில் என் டேப்தான் உதவிக்கு வருகிறது.

தெருவிளக்கு:
ஒட்டிவிட்டேன், விளக்கு அணைந்தது. மாலைக்கச்சேரி சார், உங்கள் லீனியரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள். டேக்கின் சாக்கெட்டில் போட்டுக் கேட்போம்.

ஓம்_விதி:
நானும் வருகிறேன். சுவிட்ச் என் கையில், போர்வைக்குப் பின்னால்.

மாலைக்கச்சேரி:
வருகிறேன். பாட்டு என் விருப்பம்.