கல்கரியா, டொராண்டோவா? இரண்டு பேர் வேலை, ஒரு குழந்தை

திருவெறும்பூர்க்காரி:

வணக்கம். கனடாவில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். பத்து வருடத்துக்கு மேலாக பைப் ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ்தான் வேலை, அதாவது குழாய்கள் அழுத்தத்தைத் தாங்குமா என்று கணக்கிடுவது. முதலில் சுத்திகரிப்பு ஆலைகள், இப்போது மின்நிலையங்கள். சென்னையில் நான் இருக்கும் கம்பெனி என்னைக் கனடாவுக்கு மாற்றத் தயாராக இருக்கிறது. இரண்டு இடம் காட்டியிருக்கிறார்கள். ஒன்று கல்கரி ஆபீஸ், எண்ணெய் மணல் (மணலிலிருந்து எண்ணெய் பிரிக்கும்) வேலைகள், வருடத்துக்கு 98,000 டாலர். இன்னொன்று டொராண்டோ என்றார்கள். முகவரி கேட்டால் பிக்கரிங் என்று வருகிறது. அங்கே அணுமின் வேலைகள், 94,000 டாலர். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்காரர் வெல்டிங் இன்ஸ்பெக்டர். திருச்சியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு ஃபேக்டரியில் இருக்கிறார். மகளுக்கு மூன்று வயது, 2022 நவம்பரில் பிறந்தவள்.

என் கணக்கு இதுதான். கல்கரியில் சம்பளம் கூட, வரி குறைவு, வாடகை குறைவு, இரண்டு பேருக்கும் ஆயில் அண்ட் கேஸில் வேலை கிடைத்துவிடும். டொராண்டோ பக்கம் போனால் கோயில், கடை, நம் ஆட்கள் எல்லாம் உண்டு. "தமிழ் பேசவா கனடா போற? கல்கரி போ" என்கிறான் தம்பி. வீட்டுக்காரருக்குக் குளிர் ஒன்றுதான் கவலை. மைனஸ் முப்பது என்று சொன்னதிலிருந்து திருச்சி வெயிலில் உட்கார்ந்து ஜாக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"டொராண்டோ காஸ்ட்லி", "கல்கரி குளிர்" என்ற அளவுக்கு யூடியூபிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு ஊரிலும் குப்பை கொட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

போ நதிக்கரை:

சகோதரி, நானும் பைப்பிங் ஆள்தான். டொராண்டோவின் ஸ்காபரோவில் சில வருடம் இருந்துவிட்டு 2013-ல் கல்கரி வந்தவன். இப்போதும் இங்கேதான், இந்த ஊரை விட்டுப் போகும் எண்ணமும் இல்லை. ஆனால் உங்களுக்கு இந்த ஊரைச் சொல்ல மாட்டேன்.

முதலில் அந்த வரிக் கதையை முடித்துவிடுவோம். கல்கரி இருக்கும் ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது. கடையில் 5 சதவீத ஜிஎஸ்டி மட்டும். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் அதுவே 13. அந்த வித்தியாசம் நிஜம். வருமான வரி அப்படி இல்லை. ஒன்டாரியோவின் முதல் படி 5.05 சதவீதம், ஆல்பர்ட்டாவில் 2025 முதல் 8 சதவீதம். ஆல்பர்ட்டாவில் வரி இல்லாத தொகை பெரிது, 22,000 டாலருக்கு மேல். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் உங்கள் சம்பளத்துக்கு இரண்டு மாகாண வரியும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். "ஆல்பர்ட்டாவில் வரி குறைவு" என்பது இரண்டு லட்சம் டாலர் வாங்குகிறவருக்கு.

வாடகை குறைவுதான், அதில் பொய் இல்லை. ஆனால் இங்கே ஓனர் வருடத்துக்கு ஒருமுறை ஏற்றலாம், எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு வரம்பே கிடையாது. நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்த வருடங்களில் அக்ரிமென்ட் புதுப்பிக்கும் கடிதத்தைப் பிரிக்கவே கை வராது. ஒன்டாரியோவில் அரசே ஒரு சதவீதம் அறிவிக்கிறது, 2025-க்கு 2.5, 2026-க்கு 2.1. ஆனால் 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடிவந்த கட்டடங்களுக்கு அந்த வரம்பு இல்லை. பளபளவென்று இருக்கிறதே என்று புது காண்டோவில் போய் விழாதீர்கள். பழைய கட்டடம் பாருங்கள்.

அப்புறம் இங்கத்திய கரண்ட் பில். மேலே நீங்கள் எரித்த கரண்டுக்கு ஒரு தொகை. அதற்குக் கீழே டிரான்ஸ்மிஷன், டிஸ்ட்ரிபியூஷன், நிர்வாகக் கட்டணம், நகராட்சிக் கட்டணம் என்று வரிசையாக வரும். சிக்கனமாக எரிக்கும் வீட்டில் கீழே இருப்பது மேலே இருப்பதைத் தாண்டிவிடும். ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டி வைத்திருந்தாலும் அந்தக் கீழ்ப்பகுதி வந்துகொண்டே இருக்கும்.

சரி, இனி முக்கியமானது. உங்கள் வேலை எங்கே போனாலும் கையில் இருக்கிறது. ஊரைத் தீர்மானிக்க வேண்டியது உங்கள் வீட்டுக்காரர் வேலை. "இரண்டு பேருக்கும் ஆயில் அண்ட் கேஸ்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல்.

கல்கரியில் இருப்பது எண்ணெய்க் கம்பெனிகளின் தலைமை ஆபீஸ்களும் டிசைன் ஆபீஸ்களும். உங்களையும் என்னையும் போன்றவர்கள் டவுன்டவுனில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்போம். வெல்டிங் நடப்பது வேறு இடத்தில். ஃபேப்ரிகேஷன் ஷாப்கள் பெரும்பாலும் எட்மன்டனை ஒட்டி, நிஸ்கு, லெடுக் பக்கம். இங்கிருந்து 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எண்ணெய் மணல் சைட்டுகள் ஃபோர்ட் மக்மரி பக்கம், அது 700-க்கும் மேல். ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் சீசனில் இன்ஸ்பெக்டர்களை அள்ளிக்கொண்டு போவார்கள். 14 நாள் கேம்ப், 7 நாள் வீடு என்ற மாதிரி ஓடும். பணம் நன்றாகவே வரும். அந்த 14 நாளும் இருட்டோடு எழுந்து, மகளுக்கு ஸ்னோசூட் மாட்டி, டேகேரில் விட்டுவிட்டு சி-டிரெயினைப் பிடிக்கப் போவது நீங்கள். மாமியார், அம்மா யாரும் பக்கத்தில் இல்லை.

இரண்டாவது, எண்ணெய் விலை. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்தது, 2016 தொடக்கத்தில் 30-க்குக் கீழே. அந்த வருடக் கடைசியில் கல்கரியில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியது. என் பக்கத்து மேசைக்காரரும் அவர் மனைவியும் வேறு வேறு கம்பெனி. ஒரே மாதத்தில் இரண்டு பேருக்கும் வேலை போனது. அவர்களாவது பிஆர், நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவர்கள். உங்களுடையது கம்பெனி மாற்றல் பெர்மிட், அந்த முதலாளிக்கு மட்டும் செல்லும். அது போனால் வேறொரு கம்பெனி உங்களுக்காகப் புது பெர்மிட்டுக்கு வழி செய்ய வேண்டும். ஊரே ஆளைக் குறைக்கும்போது அதை யார் செய்வார்கள்?

குளிரைப் பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: மைனஸ் முப்பது வரும், ஒரு வாரம் இருக்கும், போய்விடும். மேற்கே மலையிலிருந்து சினூக் காற்று இறங்கினால் ஜனவரியிலேயே பனி உருகி ரோட்டில் ஓடும், சிலருக்கு அன்றைக்குத் தலைவலி பிய்த்துவிடும். வெயில் நிறைய உண்டு. காற்றில் ஈரம் கிடையாது, முதல் குளிர்காலத்தில் மூக்கில் ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். டவுன்டவுனில் கட்டடத்துக்குக் கட்டடம் மேல்மாடிப் பாலம் போட்டிருக்கிறார்கள், மதியம் சாப்பிடப் போகக் கோட்டே வேண்டாம். நான் அதிகம் பயப்படுவது ஆலங்கட்டிக்கு. 2020 ஜூனில் வடகிழக்குப் பகுதியில் அடித்தது, 2024 ஆகஸ்ட்டில் மறுபடியும். வீட்டுச் சுவரின் வினைல் தகடெல்லாம் சுட்டுத் தள்ளிய மாதிரி ஓட்டை.

சாடில் ரிட்ஜ் சரவணன்:

போ அண்ணா சொல்வது சரி, ஆனால் ரொம்பப் பயமுறுத்துகிறார். காலம் முழுக்க வாடகை வீட்டிலேயே இருக்கப் போகிறார்களா? பிஆர் வந்தபின் வீடு என்று யோசித்தால் கல்கரியில் ஒரு இன்ஜினியர் சம்பளத்தில் டவுன்ஹவுஸ் வாங்கலாம். வாங்கும்போது பத்திரத்துக்கு என்று பெரிய மாற்றல் வரியும் இங்கே இல்லை. டொராண்டோ நகருக்குள் மாகாணத்துக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று என்று இரண்டு தடவை கட்ட வேண்டும்.

இன்னொன்று. குளிர்காலத்தில் சென்னைக்கும் இங்கேக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். காலை ஏழுக்கு நாம் காபி குடிக்கும்போது அங்கே இரவு ஏழரை. அம்மா சமையல் முடித்து ஓய்வாகப் பேசுவார்.

ரூஜ் ஹில் அக்கா:

தங்கச்சி, பிக்கறிங் ரொறன்ரோ இல்லை. அது டுறம் பகுதி. நகராட்சியின் இரண்டாவது வரி ரொறன்ரோ எல்லையோடு முடிஞ்சு போகும், தம்பி சரவணனுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்.

நான் இருக்கிறது ரூஜ் ஹில்லில். அடுத்த கோ ரெயில் ஸ்ரேஷன் பிக்கறிங்தான். காலையில் எல்லாரும் டவுன்ரவுன் பக்கம் நெரிஞ்சுகொண்டு போக, நீங்கள் எதிர்ப்பக்கம் போவீர்கள். 401 நெடுஞ்சாலையிலும் அப்படித்தான். ஸ்காபரோ கிழக்கு, பிக்கறிங், ஏஜாக்ஸ் எல்லாம் எங்கட சனம் இருக்கிற இடங்கள். இடியப்பம் பைக்கற்றில் வாங்கலாம், பின்னேரம் வேலையால் வரேக்க சம்பலோடு எடுத்துக்கொண்டு வந்தால் சமையல் முடிஞ்சுது. தமிழ் கதைக்கவோ கனடா போறாய் என்று கேட்ட தம்பியிடம் சொல்லுங்கோ: பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டேகேரில் இருந்து போன் வந்தால் போய்த் தூக்கிக்கொண்டு வர ஓராள் வேணும், அதுக்குத்தான்.

பிள்ளை 2022-இல் பிறந்தவள் என்றபடியால் ஒரு விசயம் கட்டாயம் சொல்லவேணும். ஒன்ராறியோவில் நாலு வயது நிரம்புகிற வருசம் செப்டம்பரிலேயே ஜூனியர் கிண்டர்கார்டன் தொடங்கும். அரசாங்கப் பள்ளிக்கூடம், முழுநாள், காசு இல்லை. உங்கட மகளுக்கு அது 2026 செப்டம்பர். ஆல்பேட்டாவில் ஐந்து வயதுக்குத்தான், அதாவது 2027, அதுவும் கனக்க இடங்களில் அரைநாள். ஆல்பேட்டாவில் டேகேர் மலிவு, மாசம் 326 டொலர். இங்கே நாளுக்கு 22 டொலர் வரைக்கும் எடுப்பார்கள், திட்டத்தில் சேர்ந்த இடங்களில் மட்டும். ஆனால் இடம் கிடைக்க வேணுமே! வெயிற்றிங் லிஸ்ற் இரண்டு பக்கமும் நீளம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பிரச்சினை இல்லை.

திருவெறும்பூர்க்காரி:

அக்கா, ஜூனியர் கிண்டர்கார்டன் பற்றி எனக்கு யாருமே சொல்லவில்லை. மிக்க நன்றி. போ அண்ணா, எட்மன்டன் விஷயத்தை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "கல்கரின்னா நான் லாரி டிரைவர் மாதிரி வீட்டுக்கு வந்து போகணுமா?" என்கிறார். எட்மன்டனில் எங்கள் கம்பெனிக்கு ஆபீஸ் இல்லை.

இரண்டு சந்தேகம். அவருக்கு வேலை பெர்மிட் கிடைக்குமா? பிக்கரிங் பக்கம் வெல்டிங் இன்ஸ்பெக்டருக்கு நிஜமாகவே வேலை உண்டா, இல்லை அங்கேயும் ஆபீஸ் மட்டும்தானா?

கேம்பிரிட்ஜ் ராடு:

நான் இன்ஸ்பெக்‌ஷன் ஆள், அதனால் இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பெர்மிட்: 2025 ஜனவரி 21 முதல் விதி இறுகிவிட்டது, எல்லா வேலைக்கும் துணைவருக்கு ஓபன் பெர்மிட் (எந்த முதலாளியிடமும் வேலை செய்ய விடும் பெர்மிட்) தருவதில்லை. இன்ஜினியர் வேலை அவர்கள் ஒத்துக்கொள்ளும் மேல் அடுக்கில்தான் இருக்கிறது. அவர் விண்ணப்பிக்கும்போது உங்கள் பெர்மிட்டில் குறைந்தது 16 மாதம் மிச்சம் இருக்க வேண்டும். கம்பெனி எத்தனை வருடத்துக்குக் கேட்கிறது, எந்த வேலைப் பெயரில் கேட்கிறது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். "டிசைனர்" என்று போட்டால் அடுக்கு மாறலாம், சிக்கல்.

வேலை: பிக்கரிங்குக்குக் கிழக்கே டார்லிங்டனில் சிறிய அணு உலை கட்ட 2025 ஏப்ரலில் உரிமம் கொடுத்துவிட்டார்கள். பாகங்கள் செய்யும் ஷாப்கள் கேம்பிரிட்ஜ், ஹாமில்டன், டொராண்டோ சுற்றுவட்டம் என்று பரவிக் கிடக்கின்றன. பிக்கரிங்கில் இருந்து கேம்பிரிட்ஜ் தினமும் போய்வரும் தூரம் இல்லை. கிழக்குப் பக்க ஷாப்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திருச்சிக்காரருக்கு ஒரு வசதி உண்டு. பாய்லர் வேலையில் அவர் புரட்டும் ஏஎஸ்எம்இ ஒன்பதாம் பிரிவு, அதாவது வெல்டிங் தகுதி விதிகள், இங்கேயும் அதே புத்தகம்தான். வெல்டர் குவாலிஃபிகேஷன், டபிள்யூபிஎஸ் (வெல்டிங் செய்முறைக் குறிப்பு) எதுவும் புதிது இல்லை. புதிதாக வேண்டியது கனடிய வெல்டிங் பீரோவின் இன்ஸ்பெக்டர் சான்றிதழ். எந்த கோடில் (விதித்தொகுப்பில்) தேர்வு எழுதுவது என்று அவரே எடுக்கலாம். இங்கே வருமுன் அனுபவக் கடிதங்களில் என்ன பொருள், எந்த கோடு, என்ன பரிசோதனை என்று விவரமாக எழுதி வாங்கட்டும். "நன்றாக வேலை செய்தார்" என்று நாலு வரியில் தருவார்களே, அது இங்கே செல்லாது.

அணுமின் வேலையில் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு, வெளிநாட்டு வருடங்களையும் தோண்டுவார்கள், மாதக்கணக்கில் இழுக்கலாம். அதுவரை சாதாரண பிரஷர் வெசல் ஷாப் எதிலாவது நுழைந்துவிடுவது நல்லது.

போ நதிக்கரை:

ராடு சொன்னதுக்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை. உங்கள் லைசென்ஸ் பற்றி மட்டும்: ஒன்டாரியோ இன்ஜினியர் சங்கம் 2023 மே மாதமே கனடிய அனுபவம் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டது. சென்னை வருடங்களை வைத்தே விண்ணப்பிக்கலாம்.

ஹெச்ஆரிடம் அந்த 4,000 டாலர் வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள். "கல்கரிக்குக் கொடுக்கிறீர்கள், அதைவிட வாடகை அதிகமான ஊருக்குக் குறைக்கிறீர்களே" என்று நேராகவே கேட்கலாம், தப்பில்லை. தர மாட்டோம் என்றால் முதல் மாதத் தங்கும் செலவையாவது வாங்குங்கள். ஒன்டாரியோவில் வீடு எடுக்கும்போது முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்துக் கையில் வைக்க வேண்டும். இரண்டு பேரும் இந்திய டிரைவிங் லைசென்ஸுக்கு ஆர்டிஓவில் அனுபவக் கடிதம் வாங்கிக்கொண்டு ஏறுங்கள், இல்லாவிட்டால் முழு லைசென்ஸுக்கான ரோடு டெஸ்ட்டுக்குக் காத்திருக்கச் சொல்வார்கள்.