பின்தொடைத் தசை காயத்துக்குப் பின் பந்துவீச்சு: அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். எனக்கு வயது 43. சென்னையில் ஞாயிறுதோறும் கிரிக்கெட்டில், மேட்டிங் விக்கெட்டில் (பாய் விரித்த ஆடுகளத்தில்) வலக்கையால் மிதவேகப் பந்து வீசுபவன். மூன்று வாரங்களுக்கு முன் ஐந்தாவது ஓவரில் இடது தொடையின் பின்தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங், சுரீரென்று இழுத்தது. வீச வேறு ஆள் இல்லாததால் மீதி மூன்று ஓவர்களையும் நொண்டியபடியே முடித்தேன்.

2002இல் ஆன்டிகுவாவில் உடைந்த தாடையைக் கட்டிக்கொண்டு 14 ஓவர்கள் வீசி மேற்கிந்தியத் தீவுகளின் மட்டையாளர் லாராவை வீழ்த்திய இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் கும்ப்ளேவையும், 2021இல் சிட்னியில் இதே தசைக் காயத்தோடு 161 பந்துகளைச் சந்தித்து அஸ்வினுடன் ஆட்டத்தைச் சமனில் முடித்த இந்திய மட்டையாளர் விஹாரியையும் கொண்டாடிய ரசிகனுக்கு, பாதியில் வெளியேற மனம் வரவில்லை. (அடுத்த பிரிஸ்பேன் டெஸ்டில் விஹாரி ஆடவில்லை என்பது தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது.)

இப்போது நடக்கையில் வலி இல்லை. ஆனால் ஓடிவந்து முன்காலை ஊன்றும் கணத்தில் தசை பிடிக்கிறது. மருத்துவர் "ஓய்வெடுங்கள்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். இதே காயம் கண்டவர்கள், எத்தனை வாரங்களில் முழு ஓட்டத்துடன் வீசினீர்கள், தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளை எப்போது தொடங்கினீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். பந்துவீச்சாளர்களைக் கையாண்டு பழகிய இயன்முறை மருத்துவர் தென்சென்னையில் இருந்தால் பரிந்துரையுங்கள். வரும் ஞாயிறு ஆட்டத்துக்கு வருவேனா என்று அணித்தலைவருக்கு வியாழனுக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.